சமயபுரம்: கணக்கில் சிறிய ஊர், சாலையில் பெரிய ஊர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கும். யார் வந்து போகிறார்கள் என்று கேட்பதில்லை. பெரும்பாலான ஊர்களுக்கு இதனால் நட்டமில்லை. சமயபுரத்துக்கு நட்டம். குடியிருப்போர் தொகை சில பத்தாயிரங்களுக்குள் அடங்கிவிடும் இந்த ஊரின் தெருக்களில் ஆடி வெள்ளியன்றும் அமாவாசை இரவிலும் சித்திரைத் தேரன்றும் நடப்பவர்களை அந்த எண்ணுக்குள் அடக்க முடியாது. சாலை, குடிநீர், கழிப்பறை, குப்பை வண்டி, பேருந்து ஆகியவற்றுக்கான திட்டங்களோ குடியிருப்போரை வைத்துத்தான் போடப்படுகின்றன. ஊரின் மக்கள்தொகையையும் போக்குவரத்தையும் தனித்தனியாகப் பேசும் பழக்கம் இந்த இடைவெளியை மறைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரா, பேரூரா?

திருச்சியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர். காவிரியைத் தாண்டி, திருவரங்கம் தீவைக் கடந்து, கொள்ளிடத்தையும் தாண்டினால் நம்பர் 1 டோல்கேட். அங்கிருந்து சற்றுத் தொலைவில் சமயபுரம். மண்ணச்சநல்லூர் வட்டத்தைச் சேர்ந்தது. உள்ளாட்சி ஆவணத்தில் இதன் பெயர் ச.கண்ணனூர் பேரூராட்சி. சட்டமன்றத்துக்கு மண்ணச்சநல்லூர்த் தொகுதி. நாடாளுமன்றத்துக்குப் பெரம்பலூர்த் தொகுதி. படிப்பு, மருத்துவம், சந்தை எல்லாவற்றுக்கும் திருச்சியை நோக்கி நிற்கும் ஊர், வாக்குச்சீட்டில் பெரம்பலூரோடு சேர்ந்திருக்கிறது.

பேரூராட்சி என்பது தமிழ்நாட்டில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் நிற்கும் படி. 2004இல் மாநில அரசு பெரும்பாலான பேரூராட்சிகளைச் ‘சிறப்பு கிராம ஊராட்சி’ என்று மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கென வரும் மத்திய நிதியைப் பெறலாம் என்பது காரணம். 2006இல் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. மண்ணோ மக்களோ மாறாமல், இரண்டே ஆண்டுகளில் நகரம் கிராமமாகி மறுபடி நகரமாயிற்று. நிதி எந்தக் கதவு வழியாக வரும் என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பெயர்ப்பலகைதான்.

சட்டப்படி நகரமாக அறிவிக்கப்படாத ஊர்களை நகரமெனக் கொள்ளக் கணக்கெடுப்புத் துறை மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது: குறைந்தது 5,000 மக்கள்; சதுர கிலோமீட்டருக்கு 400 பேர்; ஆண் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல். பேரூராட்சி என்பதால் சமயபுரத்துக்கு இந்தச் சோதனை தேவையில்லை. ஆனால் மூன்றாவது அளவுகோலை நினைவில் வைத்துக்கொண்டு கோயில் கடைவீதியில் நடந்தால் ஊரின் இயல்பு விளங்கும். வேப்பிலைக் கட்டு விற்பவர், பூக்கட்டுபவர், முடியிறக்குபவர், மஞ்சள் துணிக்கடைக்காரர், மாவிளக்குச் சாமான் விற்பவர், அக்னிச்சட்டி வைத்திருப்பவர், செருப்பைப் பாதுகாப்பவர், தங்கும் விடுதிக்காரர், ஆட்டோக்காரர் என்று ஒவ்வொருவர் பிழைப்பும் வந்து போகிறவர்களை நம்பியது. ஊரைச் சுற்றிப் பெருவளை வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் இன்னும் விளைகின்றன. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளிலிருந்து பொன்னி மூட்டைகள் லாரி லாரியாகப் போகின்றன. ஆனாலும் ஊரின் பணப்புழக்கம் வயலிலிருந்து சாலைக்கு இடம்பெயர்ந்து வெகுநாளாயிற்று.

வழிமறிக்கும் இடம்

சாலைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீர சோமேசுவரன் தன் தமிழகத் தலைநகரைக் கண்ணனூரில் அமைத்தான். சோழர்களுக்கு உதவ வந்த படை திரும்பிப் போகாமல் கொள்ளிடத்தின் வடகரையிலேயே தங்கிவிட்டது. ஆற்றைக் கடப்பவர்களைக் கண்காணிக்க இதைவிட வசதியான இடம் இல்லை. இன்று போஜீசுவரர் கோயில் என்று மக்கள் சொல்லும் சிவன் கோயில் அக்காலத்தின் எச்சம். பிறகு பாண்டியர், அதன்பின் மதுரை சுல்தான்களின் காவற்படை. 1342இல் மூன்றாம் வீர வல்லாளன் இக்கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்று உயிரிழந்ததை அக்காலத்தில் மதுரைக்கு வந்த இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். விஜயநகரத்துக் குமார கம்பணனின் படை மேலோங்கிய பிறகே, 1371இல், அரங்கன் திருவரங்கம் திரும்பினார்.

இதே பாடத்தை 1752இல் ஆங்கிலேயர் படித்தார்கள். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் திருவரங்கத்தில் இருந்தபோது, புதுச்சேரியிலிருந்து அவர்களுக்கு வரும் தானியத்தையும் ஆட்களையும் தடுக்க ஒரே வழி வடசாலையை அடைப்பது. அந்த ஏப்ரலில் ராபர்ட் கிளைவ் படையோடு வந்து தங்கியது சமயபுரத்தில்தான். ஊட்டத்தூர் வரை வந்த பிரெஞ்சு உதவிப்படையால் மேலே நகர முடியவில்லை. அடுத்துப் பிச்சாண்டார்கோவில் விழுந்தது. ஜூனில் திருவரங்கத்துப் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. வடக்கிலிருந்து திருச்சிக்கு வரும் பாதையின் கழுத்தில் சமயபுரம் இருக்கிறது. இன்றைய நெரிசலுக்கும் மூலகாரணம் அதுவே.

இப்போதுள்ள மாரியம்மன் கோயில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தில் எழுந்தது என்பது வழக்கு. அம்மன் முதலில் திருவரங்கத்தில் இருந்து கண்ணனூருக்கு வந்தவள் என்பது தலக்கதை. தைப்பூசத்துக்கு அம்மன் கொள்ளிடக்கரைக்குப் போவதும், அண்ணன் அரங்கநாதர் அங்கே தங்கைக்குச் சீர் அனுப்புவதும் இன்றும் நடக்கின்றன. இடையில் இருக்கும் ஆறுதான் இரு ஊர்களின் பந்தத்தையும் தீர்மானிக்கிறது.

பாலங்களை நம்பிய வாழ்வு

சமயபுரத்துக்காரர் ஒருவர் திருச்சி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். 1928இல் கட்டப்பட்ட கொள்ளிடம் இரும்புப் பாலம் தலைமுறைகளைச் சுமந்தது. அதன் அருகில் புதிய பாலம் 2016இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போனபோது பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. இரண்டாண்டு முன்பு வரை பேருந்து ஓடிய பாலம் அது. காவிரியின் மேல் 1976இல் திறக்கப்பட்ட பாலம் பழுதுபார்க்கப்படுவதற்காக 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை மூடப்பட்டபோது, வடகரை ஊர்கள் அனைத்தும் சுற்றுவழியில் போயின. புறவழிச்சாலைப் பாலங்கள் இருந்ததால் பிழைத்தோம். ஆயினும் அன்றாடம் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்கு அந்தச் சுற்று, பணமாகவும் நேரமாகவும் விடிந்தது.

இரயில் இந்த ஊரைத் தொட்டதில்லை. விழுப்புரம்-திருச்சி கார்டு லைன் 1920களின் இறுதியில் போடப்பட்டபோது லால்குடி, வாளாடி, உத்தமர்கோவில், திருவரங்கம் என்று தெற்கே ஒதுங்கிப் போயிற்று. வேளாங்கண்ணியைப் பாருங்கள். அதுவும் பேரூராட்சிதான், அதுவும் மாதாவை நாடி நடந்துவரும் கூட்டத்தால் வாழும் ஊர்தான். 2010 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே இரயில் போயிற்று. சமயபுரத்துக்கு முழுச் சுமையையும் சாலையே தாங்க வேண்டியிருக்கிறது.

ஒரே சாலையில் நான்கு கூட்டம்

சென்னை-திருச்சி நெடுஞ்சாலை, பழைய எண் 45, இப்போதைய எண் 38, ஊரை உரசிக்கொண்டு போகிறது. நால்ரோட்டில் இறங்கினால் கோயில். பக்கத்திலேயே சுங்கச்சாவடி. இந்தச் சாலையை நான்கு வகையினர் பகிர்ந்துகொள்கிறார்கள். நால்வர் வேகமும் தேவையும் வேறு.

முதல் வகை, நில்லாமல் போகிறவர்கள். சென்னைக்கும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் ஆம்னி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும். இவர்களுக்குச் சமயபுரம் என்பது ஒரு சுங்கச்சாவடியின் பெயர். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு இங்கே நிற்கும் நேரமும் குறைந்துவிட்டது.

இரண்டாம் வகை, உள்ளூர்வாசிகளும் நாள்தோறும் வந்து போகும் மாணவர்களும் ஊழியர்களும். சமயபுரத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் வளர்ந்திருக்கின்றன. இருங்களூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் கல்லூரிப் பேருந்துகள் ஊரை நோக்கி வரும்; அதே நேரத்தில் ஊரார் டவுன் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையத்தை நோக்கிப் போவார்கள். சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் வணிகமல்லாத வாகனக்காரர்களுக்கு மாதாந்திரச் சலுகை அட்டை உண்டு என்று 2008ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் அது சலுகை மட்டுமே, விலக்கு அன்று. பக்கத்து ஊருக்குத் துக்கம் கேட்கப் போகிறவரும் நெடுஞ்சாலையில் ஏறினால் அட்டை காட்ட வேண்டியவரே.

மூன்றாம் வகை, வாகனத்தில் வரும் பக்தர்கள். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி இவர்கள் நாள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபின் சத்திரத்திலிருந்து சமயபுரம் போகும் பேருந்தின் முகமே மாறியது. பூக்கூடையோடும் பேரப்பிள்ளையோடும் வெள்ளி தவறாமல் வரும் பெண்களுக்கு இப்போது காசு ஒரு தடையில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், திருச்செந்தூர், திருத்தணியோடு சேர்த்துச் சமயபுரத்திலும் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. அதே ஆண்டில் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணமும் நீக்கப்பட்டது. பயணமும் சாப்பாடும் காணிக்கையும் இலவசமானால் கூட்டம் கூடாமல் எப்படி இருக்கும்? மூன்றும் நல்ல முடிவுகளே. ஆனால் அந்தக் கூட்டத்தைத் தாங்கும் பேரூராட்சியின் வருவாயை எந்த முடிவும் கூட்டவில்லை.

நான்காம் வகை, நடந்து வருகிறவர்கள். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது இத்தலத்துக்கே உரிய நம்பிக்கை. துள்ளுமாவும் இளநீரும் பானகமும்தான் நைவேத்தியம். பூத்தட்டுகளை ஏந்தி ஊர் ஊராக வருவார்கள். சித்திரை முதல் செவ்வாய் தேர். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர், கரூர், நாமக்கல் பக்கமிருந்து மஞ்சள் உடுத்திய கூட்டம் நாள்கணக்கில் நடந்து வருகிறது. வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பார்கள். நான்குவழிச் சாலை அமைத்தவர்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு வரைந்தார்கள். வெறுங்காலோடு நடப்பவருக்கு வரையவில்லை. 2024 ஜூலையில் கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து சமயபுரத்துக்கு நடந்துவந்தவர்கள் மீது தஞ்சை-திருச்சி சாலையில் வளம்பக்குடி அருகே சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் வைக்கிறார்கள், அது நம் ஈரம். ஒளிரும் பட்டையை முதுகில் ஒட்டி அனுப்புகிறார்கள், அதுவும் நல்லதே. நடப்பதற்கென்று தனிப்பாதை இல்லாத குறையை இவை ஈடுசெய்யாது.

இந்த நால்வரோடு, எப்போதாவது வரும் ஐந்தாவது கூட்டமும் உண்டு. சற்று வடக்கே சிறுகனூர்த் திடலில் அரசியல் கட்சிகளின் மாநாடு நடக்கும் நாள்களில், அதே சாலையில் கொடி கட்டிய வேன்களும் சேர்ந்துகொள்ளும்.

எண்ணப்படாதவர்கள்

2011 கணக்கெடுப்பின்படி திருச்சி மாவட்டத்தில் 27,22,290 பேர். 2001இல் 24,18,366 பேர். பத்தாண்டில் ஏறியது 12.6 விழுக்காடு, மாநிலத்தின் 15.6 விழுக்காட்டைவிடக் குறைவு. ஆயிரம் ஆண்களுக்கு 1,013 பெண்கள். மாநிலத்தின் மொத்தக் கருவள வீதம் 2020இல் 1.4, மக்கள்தொகை தன்னைத்தானே ஈடுசெய்யத் தேவையான 2.1ஐவிட மிகவும் கீழே. ஆக, சமயபுரத்தின் குடித்தொகை இனி மெல்லத்தான் ஏறும். வந்து போவோர் தொகைக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. குடித்தொகையை நீட்டித்துப் பார்த்து இருபது ஆண்டுக்குத் திட்டம் போட்டால் திட்டம் பிறக்கும்போதே குறைப்பிரசவமாகும்.

கணக்கெடுப்பு நடக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுவீடாக எண்ணினார்கள். வீடற்றவர்களை 28ஆம் தேதி இரவில் எண்ணினார்கள். பூச்சொரிதல் தொடங்குவது மார்ச் இரண்டாம் வாரவாக்கில். எண்ணும் வேலை முடிந்து சில நாள் கழித்துத்தான் ஊர் நிரம்பத் தொடங்குகிறது. அமாவாசை இரவில் கோயில் வாசலிலும் மண்டபங்களிலும் துண்டு விரித்துப் படுப்பவர்களைக் கணக்கெடுப்பாளர் கண்டாலும் சேர்க்க மாட்டார். அவர்களுக்கு வேறு ஊரில் வீடு இருக்கிறது. முறைப்படி அது சரியே. ஆனால் அந்த இரவில் அவர்கள் குடிப்பது இந்த ஊர்த் தண்ணீரை. காலையில் அள்ளப்படுவது இந்த ஊர்க் குப்பை.

பயணம் பற்றியும் கணக்கெடுப்பு கேட்கத்தான் செய்கிறது. 2011இல் வேலைக்குப் போகும் தூரத்தையும் எதில் போகிறார்கள் என்பதையும் கேட்டார்கள். அதுவும் உழவர், விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்வோர் தவிர்த்த மற்றத் தொழிலாளரிடம் மட்டும். மாவட்டக் கையேட்டில் ஊரூராகப் பேருந்து உண்டா, இரயில் நிலையம் உண்டா, இல்லையெனில் எவ்வளவு தூரம் என்ற விவரமும் உண்டு. பேருந்து ‘உண்டு’ என்று எழுதிவிட்டால் கேள்வி முடிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் ஏற இடம் உண்டா என்பதற்குக் கட்டம் இல்லை.

இதன் விளைவு பணத்தில் தெரியும். உள்ளாட்சிகளுக்கு மாநில நிதிக்குழு வழி வரும் பங்கில் மக்கள்தொகைக்கு முக்கிய இடம். கோயில் வருமானத்தில் பழநிக்கு அடுத்த இடத்தில் பேசப்படும் தலம் இது. அந்த வருமானம் அறநிலையத்துறை நிர்வாகத்திலுள்ள கோயில் கணக்கில் சேர்கிறது. சுங்கம் தேசிய நெடுஞ்சாலைக்குப் போகிறது. பயணச்சீட்டு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு. பேரூராட்சிக்கு மிஞ்சுவது சொத்துவரி, கடை வாடகை, வாகன நுழைவுக் கட்டணம் போன்றவை. விருந்துக்கு வருகிறவர் எல்லாரும் ஒரு வீட்டில் சாப்பிட, மொய் வேறு வீட்டில் எழுதப்படுவது போன்ற ஏற்பாடு இது.

பிற ஊர்கள் கண்ட வழி

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஊருக்கு வெளியே ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வருகிறவர் எங்கே இறங்க வேண்டும் என்பது முன்பே அறிவிக்கப்படும். சபரிமலையில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு நிலக்கல்லில் வாகனங்களை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்துகள் தொடர்ந்து ஓடும் முறை நிலைபெற்றது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: வாகனத்தை ஊருக்கு வெளியே நிறுத்து, மனிதரை மட்டும் உள்ளே விடு.

சமயபுரத்திலும் தேரன்று தற்காலிக நிலையமும் சிறப்புப் பேருந்தும் உண்டு. சிக்கல் என்னவென்றால், திருவிழா ஏற்பாடு என்று நாம் நினைப்பது இங்கே வாரத்தில் மூன்று நாள் தேவைப்படுகிறது. 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது நகருக்கு நல்லது. ஆனால் பஞ்சப்பூர் நகரின் தெற்கு ஓரம், மதுரைச் சாலையில் இருக்கிறது. வடகரை ஊர்க்காரருக்கு அது நகரத்தை முழுக்கக் கடந்த தூரம். அந்தத் தூரத்தை நேரடிப் பேருந்துகளால் நிரப்பினால்தான் பயன் வடக்கேயும் எட்டும். அதே ஆண்டு ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட விரிவான மினி பஸ் திட்டம், பேருந்து போகாத சுற்றுக் கிராமங்களைச் சமயபுரத்தோடு இணைக்க ஒரு வாய்ப்பு. அந்த வண்டிகள் கோயில் வாசலில் குவியாமல் ஊர் ஓரத்திலேயே திரும்ப இடம் வேண்டும்.

செய்ய வேண்டியது

வந்து போவோரை எண்ணப் புதிதாக ஆள் வைக்க வேண்டியதில்லை. பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டின் எண்ணிக்கை போக்குவரத்துக் கழகத்திடம் நாள்வாரியாக இருக்கிறது. வாகன எண்ணிக்கை சுங்கச்சாவடியில் இருக்கிறது. அன்னதானத்தில் எத்தனை இலை விழுந்தது, எத்தனை தலைக்கு முடியிறக்கப்பட்டது என்பது கோயில் அலுவலகத்துக்குத் தெரியும். மூன்று அலுவலகங்கள் மூன்று கணக்கை வைத்திருக்கின்றன. சாதாரண நாள், வாரத்தின் மூன்று நாள், அமாவாசை, திருவிழா என நான்கு வகை நாளுக்கும் ஒரு மொத்தத் தொகை போட மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மாத வேலை போதும்.

அந்தத் தொகை கையில் வந்தால் அடுத்தவை தானே புலப்படும். பேரூராட்சிக்கான நிதியில் வருகையாளர் தொகைக்கும் ஒரு பங்கு. கோயில் உபரியிலிருந்து ஊரின் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகை. நெடுஞ்சாலை ஓரமாக, குறைந்தபட்சம் பாதயாத்திரை அதிகமுள்ள கடைசிக் கிலோமீட்டர்களிலாவது, தடுப்போடும் விளக்கோடும் ஒரு நடைபாதை. உள்ளூர்வாசிகளுக்குச் சுங்கமில்லாத சேவைச்சாலை. இவற்றில் முதலில் செய்ய வேண்டியது நடைபாதை. மற்றவை தாமதமானால் வசதி குறையும். அது தாமதமானால் உயிர் போகும்.

அடுத்த கணக்கெடுப்பின் மக்கள் எண்ணிக்கைப் பணி 2027 பிப்ரவரியில்; மார்ச் 1 அதன் அடிப்படை நாள். இம்முறையும் பூச்சொரிதலுக்கு முன்பே எண்ணி முடித்துவிடுவார்கள். அந்த எண்ணை வைத்து மட்டும் ச.கண்ணனூருக்கு அடுத்த பத்தாண்டுத் திட்டம் போடக் கூடாது. பேரூராட்சி மன்றமும் மாவட்ட ஆட்சியும் அறநிலையத்துறையும் அதற்கு முன்பே வருகையாளர் கணக்கைச் சேர்த்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஊராரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.